பிள்ளையின் படிப்புக்காக இன்னும் நான்கு ஆண்டு: அமெரிக்க ராணுவத்தில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"அண்ணா, இன்னும் நாலு வருஷம் எழுதிக் கொடுத்தா ஜிஐ பில்லைப் பிள்ளை பேருக்கு மாத்திடலாமாமே, போட்டுடவா?"

மாதம் ஒருமுறையாவது யாராவது ஒரு தம்பியோ தங்கையோ இப்படிக் கேட்கிறார்கள். ஜிஐ பில் என்பது ராணுவப் பணி செய்தவருக்கு அமெரிக்க அரசு தரும் கல்வி உதவி; சில நிபந்தனைகளோடு அதை மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைக்கோ மாற்றிக் கொடுக்கலாம். கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவரையும் ராணுவத்தில் சேர்த்த மேவ்னி என்ற திட்டத்தின் வழியாக வந்தவர்கள் ஒரு வகை. 2008 முதல் 2016 வரை நடந்த அந்தத் திட்டத்தில், ராணுவத்துக்குத் தேவையான மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. மாணவர் விசாவில் வந்த நான் அப்படித்தான் 2013ல் சேர்ந்தேன். இன்னொரு வகை, கிரீன் கார்டு கிடைத்தபின் சேர்ந்த இளையவர்கள். இரு தரப்புக்கும் கேள்வி ஒன்றுதான், ஆனால் பதில் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் நான் செய்ததையும் மற்றவர்களிடம் பார்த்ததையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வளையலை அடகு வைத்துப் பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ் கட்டிய வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். "பிள்ளை படிப்பு" என்று யாராவது சொன்னால் கணக்கே பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவோம். இந்த விஷயத்தில் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். கேட்பது உங்கள் வாழ்க்கையில் நான்கு ஆண்டு.

முதலில், கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நாம் பேசுவது 2009 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த போஸ்ட் நைன் லெவன் ஜிஐ பில். மொத்தம் 36 மாதப் படிப்புக்கு உதவி. கல்லூரி ஆண்டு 9 மாதம் என்று வைத்தால், சரியாக நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு.

முழுத் தகுதி உள்ளவருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் அந்த மாநிலத்துக்காரர் கட்டும் டியூஷன் முழுவதும் கிடைக்கும். தனியார் கல்லூரி என்றால் ஆண்டுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. 2025–26 கல்வியாண்டுக்கு அது 30 ஆயிரம் டாலருக்குக் கொஞ்சம் கீழே. அதற்கு மேல் போனால், மீதிக் கட்டணத்தைக் கல்லூரியும் அரசும் பகிர்ந்துகொள்ளும் யெல்லோ ரிப்பன் திட்டத்தில் இருக்கிற கல்லூரியா என்று பார்க்க வேண்டும். புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் வரை. இவற்றோடு மாதாமாதம் வீட்டு வாடகைப்படி வரும். கல்லூரி இருக்கும் ஜிப் கோடுக்கு, குடும்பம் உள்ள ஈ-5 சார்ஜென்ட்டுக்கு என்ன வாடகைப்படியோ அதே தொகை. பெருநகரங்களில் டியூஷனைவிட இந்தப் படியே பெரிய தொகையாக இருக்கும், பலர் இதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். எதற்கும் வருமான வரி கிடையாது.

இனி சதவீதம். 2001 செப்டம்பர் 10க்குப் பின் மொத்தம் 36 மாதம் முழுநேரப் பணி செய்தவருக்குத்தான் பொதுவாக 100 சதவீதம். 30 மாதம் என்றால் 90, 24 மாதம் என்றால் 80, 18 மாதம் என்றால் 70, 6 மாதம் என்றால் 60, 90 நாள் என்றால் 50. ரிசர்வில் இருப்பவர்கள் இங்கே நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். ஆறு வருஷமாக மாதம் ஒரு வார இறுதி டிரில்லுக்குப் போய் வந்ததெல்லாம் இந்த மாதக் கணக்கில் சேராது. உத்தரவின் பேரில் முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்ட நாட்கள்தான் சேரும். மொத்தம் 24 மாதத்துக்குக் குறைவாக இருந்தால் ஆரம்பப் பயிற்சிக் காலமும் கழிந்துவிடும். உங்களிடம் இருப்பது 60 சதவீதம் என்றால் பிள்ளைக்குப் போவதும் 60 சதவீதம்தான். அதற்கும் அதே நான்கு ஆண்டு எழுதிக் கொடுக்க வேண்டும்.

வெஸ்ட் பாயின்ட் போன்ற ராணுவ அகாடமியில் படித்தவர்களுக்கும், கல்லூரியிலேயே அதிகாரிப் பயிற்சி தரும் ஆர்ஓடிசி திட்டத்தில் ஸ்காலர்ஷிப் வாங்கியவர்களுக்கும் இன்னொரு கண்ணி உண்டு. அந்தப் படிப்புக்குக் கைம்மாறாகச் செய்யும் பணிக்காலம் ஜிஐ பில் மாதங்களில் சேராது. அது முடிந்த பிறகுதான் 36 மாத ஓட்டம் தொடங்கும். அரசு உங்கள் மாணவர் கடனை அடைத்த திட்டத்தில் சேர்ந்திருந்தாலும் அதற்கான காலம் இப்படித்தான் கழியும்.

அப்புறம், நான்கு ஆண்டு என்பது எந்த நான்கு ஆண்டு?

விதி இதுதான். குறைந்தது 6 ஆண்டு பணி முடித்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் பணியில் இருக்க வேண்டும். அன்றிலிருந்து இன்னும் 4 ஆண்டு பணி செய்ய ஒப்புக்கொள்ள வேண்டும். வெளியே வந்துவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். முதியவராகி, "எனக்கு வேண்டாம், பேரனுக்குக் கொடுங்கள்" என்றெல்லாம் சொல்ல முடியாது.

எண்ணிக்கை தொடங்குவது விண்ணப்பித்த நாளிலிருந்து. இப்போது இருக்கும் ஒப்பந்தம் முடிந்த பிறகு அல்ல. இதை உள்வாங்கிக்கொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். ஏற்கெனவே உங்களுக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தம் பாக்கி இருக்கிறது, இன்றைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கில் மூன்று ஆண்டு எப்படியும் செய்யப்போகிறதுதான். உண்மையான விலை ஒரே ஒரு ஆண்டு. அதே ஆள் சோம்பிப்போய் ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது விண்ணப்பித்தால், விலை கிட்டத்தட்ட முழு நான்கு ஆண்டு.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது: ஆறாவது ஆண்டு முடிந்த வாரமே இதை யோசியுங்கள். நான் 2019ல் அப்படிச் செய்தேன். 2023ல் கடமை முடிந்துவிட்டது. இன்றைக்கு நான் வெளியே போனாலும் பிள்ளைகளின் உரிமை கையில் இருக்கிறது. அந்த நான்கு ஆண்டும் நான் எப்படியும் இருந்திருக்கக்கூடிய ஆண்டுகள்.

பதினாறாவது ஆண்டுக்கு முன் விண்ணப்பித்தால் இருபதில் ஓய்வு பெறும் திட்டத்துக்குள் இது அடங்கிவிடும். பதினெட்டில் போய்க் கேட்டால் இருபத்திரண்டு வரை இழுக்கும். தாமதிப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒவ்வொரு ரேங்குக்கும் இத்தனை ஆண்டுதான் இருக்கலாம் என்று வரம்பு இருக்கிறது. பதவி உயர்வு கிடைக்காமல் அந்த வரம்பு நெருங்கிவிட்டால், நீங்களே விரும்பினாலும் நான்கு ஆண்டு தர முடியாது. தர முடியாதவரின் விண்ணப்பம் ஏற்கப்படாது. பணியில் தொடர உடல் தகுதி இருக்கிறதா என்று பார்க்கும் மருத்துவக் குழு முன் போகும் நிலையில் இருப்பவர்களுக்கும் இதே சிக்கல் வரலாம், ஆகவே அவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. போரில் காயமடைந்ததற்காகப் பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் பெற்றவர்களுக்கு மட்டும் இந்தக் கூடுதல் பணி விதி இல்லை. ஆனால் அவர்களும் பணியில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும்.

உங்கள் கணக்கைப் போடுங்கள்

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உதாரணத்துக்கு, உங்கள் மாநிலப் பல்கலைக்கழக டியூஷன் ஆண்டுக்கு 12,000 டாலர், அந்த ஊர் வாடகைப்படி மாதம் 1,900 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டு டியூஷன் 48,000. வாடகைப்படி 36 மாதத்துக்கு 68,400. புத்தகம் 4,000. மொத்தம் 1,20,400 டாலர். நீங்கள் உண்மையில் கூடுதலாகச் செய்யப்போகும் ஆண்டுகளால் இதை வகுங்கள். முழு நான்கும் கூடுதல் என்றால் ஆண்டுக்கு 30,100 டாலர். இரண்டே ஆண்டுதான் கூடுதல் என்றால் ஆண்டுக்கு 60,200.

இப்போது கேள்வி தெளிவாகிவிடும்: வெளியே போனால், ராணுவத்தில் வரும் மொத்த வரவைவிட வரி போக ஆண்டுக்கு இந்தத் தொகைக்கு மேல் கூடுதலாகச் சம்பாதிப்பேனா? ராணுவ வரவு என்றால் அடிப்படைச் சம்பளம் மட்டும் இல்லை. வரியில்லாத வாடகைப்படி, குடும்பத்துக்கே மருத்துவம், சேமிப்புக் கணக்கில் அரசு போடும் பங்கு எல்லாம் சேர்த்துத்தான். கணினித் துறைப் பட்டத்தோடு சிப்பாயாகச் சேர்ந்த நம்மவர்கள் சிலருக்கு வெளியே போவதே லாபம். பிள்ளைக்கு 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கி அவர்களே பணம் போட்டுவிடலாம். மருத்துவ உதவியாளராகவோ வண்டி மெக்கானிக்காகவோ இருப்பவருக்குக் கணக்கு வேறு மாதிரி வரும்.

பணத்தில் வராதவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். இன்னொரு டிப்ளாய்மெண்ட் வரலாம், குடும்பத்தை விட்டு மாதக்கணக்கில் வெளியே அனுப்புவார்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை ஊர் மாறும்போது மனைவியின் வேலை போகும். ஊரில் அப்பா அம்மாவுக்கு வயதாகிறது, அவசரத்துக்கு லீவு கேட்டால் கமாண்டர் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் ஏற முடியும். என் அப்பாவின் அறுவை சிகிச்சைக்கு நான் போய்ச் சேர்ந்தது அவர் வார்டிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள். இதற்கு நான் விலை போட மாட்டேன். ஆனால் தாளில் ஒரு வரியாவது இதற்கு இருக்க வேண்டும் என்பேன்.

பிள்ளையின் வயதையும் பாருங்கள். இரண்டு வயதுக் குழந்தைக்காக இன்று கையெழுத்துப் போட்டால் பலன் வருவது பதினாறு ஆண்டு கழித்து.

கூடுதல் சேவை இல்லாமலே கிடைக்குமா என்று பாருங்கள்

கையெழுத்துக்கு முன் இதைக் கட்டாயம் விசாரியுங்கள். டெக்சாஸில் ஹேசல்வுட் என்ற சட்டம் இருக்கிறது. டெக்சாஸிலிருந்து பணியில் சேர்ந்து, தகுதி பெற்ற முன்னாள் வீரர், அரசுக் கல்லூரியில் 150 கிரெடிட் மணி நேரம் வரை டியூஷன் விலக்குப் பெறலாம். தான் பயன்படுத்தாததைப் பிள்ளைக்கும் கொடுக்கலாம், பிள்ளைக்கு வயது வரம்பு உண்டு. ஹியூஸ்டன், டாலஸ் பக்கம் இருந்து சேர்ந்த எத்தனையோ தமிழர்களுக்கு இது தெரியவே தெரியாது. வாடகைப்படி இதில் வராது. ஆனாலும் டியூஷன் கவலை மட்டும்தான் என்றால் இதுவே போதுமே! மற்ற மாநிலங்களிலும் பல வடிவங்களில் சலுகைகள் இருக்கின்றன. பணியால் நிரந்தரமாக 100 சதவீத ஊனம் என்று மதிப்பிடப்பட்டவரின் பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் தனியாகவே ஒரு மத்தியக் கல்வி உதவி உண்டு.

இன்னொன்று, உங்கள் சொந்தப் படிப்புக்கு ஜிஐ பில் மாதங்களைச் செலவழிக்காதீர்கள். பணியில் இருக்கும்போது டியூஷன் அசிஸ்டன்ஸ் என்று தனி உதவி இருக்கிறது. செமஸ்டர் மணிக்கு 250 டாலர், ஆண்டுக்கு 4,500 டாலர் வரை. அதில் நீங்கள் பட்டம் வாங்கலாம், 36 மாதமும் அப்படியே பிள்ளைக்கு இருக்கும். ஆனால் அதிகாரிகளுக்கு ஒரு எச்சரிக்கை: இந்த உதவியை வாங்கினால் அதற்கும் இரண்டு ஆண்டுக் கட்டாயப் பணி சேரும். பெரும்பாலும் இது மற்றக் கடமைகளோடு ஒரே நேரத்தில்தான் ஓடும். உங்கள் விஷயத்தில் எப்படி என்று, ஒப்பந்த விஷயங்களைப் பார்க்கும் கரியர் கவுன்சிலரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, முடிவு செய்துவிட்டீர்கள். இனி வேலை

முதல் வேலை, ராணுவத்தினரின் குடும்ப விவரங்கள் இருக்கும் டீயர்ஸ் பதிவைச் சரிபார்ப்பது. மனைவியும் பிள்ளைகளும் அதில் இருந்தால்தான் மாற்றும் பக்கத்தில் அவர்கள் பெயர் வரும். நமக்கு இங்கே பெயர்த் தொல்லை அதிகம். அப்பா பெயரை இனிஷியலாக வைத்திருப்போம். பாஸ்போர்ட்டில் அதுவே கடைசிப் பெயராகியிருக்கும். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் முன்னும் பின்னும் மாறியிருக்கும். பிள்ளைக்கு மூன்றாவதாக ஒரு வடிவம். எல்லாத் தாள்களிலும் எழுத்து எழுத்தாக ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போங்கள். தமிழில் இருக்கும் திருமணச் சான்றிதழுக்குச் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, உங்கள் கிளையின் கரியர் கவுன்சிலரைப் பாருங்கள். தரைப்படை, விமானப்படை, கடற்படை ஒவ்வொன்றும் காகித வேலையில் கொஞ்சம் வேறுபடும். சிலவற்றில் ஒப்பந்தத்தை நீட்டித்த பிறகுதான் விண்ணப்பம் நகரும். சிலவற்றில் ஒப்புதல் அறிக்கை ஒன்றில் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்றாவது, ராணுவத்தினர் தங்கள் சலுகைகளைக் கவனித்துக்கொள்ளும் மில்கனெக்ட் இணையதளம். கல்விச் சலுகை மாற்றும் பக்கத்தைத் திறந்தால் குடும்பத்தினர் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் மாதம் நிரப்ப ஒரு கட்டம். அதற்குக் கீழே வரிசையாகச் சிறு கட்டங்களில் டிக் போட வேண்டிய உறுதிமொழிகள். கண்ணை மூடிக்கொண்டு டிக் போடாமல் ஒவ்வொன்றாகப் படியுங்கள். நான்கு ஆண்டு வாக்குறுதி அங்கேதான் இருக்கிறது.

மாதங்களை எப்படிப் பிரிப்பது என்று ரொம்ப நேரம் மண்டையை உடைக்க வேண்டாம். எல்லோர் பெயரிலும் குறைந்தது ஒரு மாதமாவது போடுங்கள், அதுதான் முக்கியம். பணியை விட்ட பிறகு, ஏற்கெனவே மாதம் ஒதுக்கியவர்களுக்குள் கூட்டிக் குறைக்க முடியும். புதிதாக ஒருவரைச் சேர்க்க முடியாது. எனக்கு 2021ல் இரண்டாவது மகள் பிறந்தாள். பிறப்புச் சான்றிதழ் வந்து டீயர்ஸில் சேர்த்த அன்று மாலையே அவள் பெயருக்கு எதிரில் 1 என்று போட்டேன். அப்படிச் சேர்ப்பதற்குப் புதிதாக நான்கு ஆண்டு கேட்க மாட்டார்கள். பணி முடிந்தபின் பிறக்கும் குழந்தைக்கு வழியில்லை.

நான்காவது படியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "அனுப்பு" பொத்தானை அழுத்தியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். என்னோடு ஒரே பிளட்டூனில் இருந்த நண்பர் ஒருவர் அப்படித்தான் விண்ணப்பித்தார். ஒப்பந்த நீட்டிப்புத் தாளில் கையெழுத்துப் போடவில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அந்தச் செய்தி அவர் திறந்தே பார்க்காத ஒரு பெட்டிக்குப் போனது. இரண்டு ஆண்டு கழித்து, மனைவி நர்சிங் படிப்பில் சேர ஆசைப்பட்டபோதுதான் தளத்தைத் திறந்தார். என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தார். "நிராகரிக்கப்பட்டது" என்ற ஒரே சொல், அருகில் இரண்டு ஆண்டுக்கு முந்தைய தேதி. கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. மறுபடி விண்ணப்பித்தார், நான்கு ஆண்டு அன்றிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கியது. ஆகவே வாரம் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். "ஒப்புதல்" என்று வந்ததும் கடமை முடியும் தேதி அதில் இருக்கும். அந்தத் தேதி விண்ணப்பித்த நாளிலிருந்து நான்கு ஆண்டுதானா என்று பாருங்கள்.

யார், எப்போது பயன்படுத்தலாம்

மனைவியோ கணவரோ ஒப்புதல் கிடைத்த உடனே படிக்கத் தொடங்கலாம். நான்கு ஆண்டும் முடியக் காத்திருக்க வேண்டாம். ஆனால் நீங்கள் முழுநேரப் பணியில் இருக்கும்வரை அவர்களுக்கு வாடகைப்படி வராது. பிள்ளைகளுக்கு அந்தத் தடை இல்லை, நீங்கள் பணியில் இருந்தாலும் வரும். ஆகவே பணியில் இருக்கும்போது மனைவியின் பெயரில் மாதங்களைக் கரைப்பதைவிடப் பிள்ளைக்கு வைத்திருப்பது பெரும்பாலும் லாபம். மனைவிக்கு இப்போதே பட்டம் கிடைத்து நல்ல வேலைக்குப் போக முடியும் என்றால் அது தனிக் கணக்கு. அங்கே லாபத்தைவிட அவர் எதிர்காலம் பெரிது.

பிள்ளை பயன்படுத்த, நீங்கள் 10 ஆண்டு பணி முடித்திருக்க வேண்டும். பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும், அல்லது 18 வயது ஆகியிருக்க வேண்டும். 26 வயதோடு அவர்களுக்கான காலம் முடிந்துவிடும். இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில், முதல் இரண்டு ஆண்டைச் செலவு குறைந்த கம்யூனிட்டி காலேஜில் கைப்பணத்தில் முடித்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது ஆளுக்கு 18 மாதம் பயன்படுத்துவது நல்ல வழி. முழுக்க ஆன்லைனில் படித்தால் தேசிய சராசரி வாடகைப்படியில் பாதிதான் வரும் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

மணமுறிவு வந்தால் என்ன ஆகும் என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். சட்டப்படி இது பங்குபோடும் குடும்பச் சொத்தில் சேராது. ஒதுக்கிய மாதங்களை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம், திரும்பப் பெறலாம்.

நடுவில் விட்டுப் போனால்

நான்கு ஆண்டு முடியுமுன் நீங்களாகவே வெளியேறினால், மாற்றிய சலுகை செல்லாமல் போகும். மனைவி அதற்குள் படித்திருந்தால், கட்டிய டியூஷன் முழுவதும் கடனாகத் திரும்பி வரும், முன்னாள் வீரர் நலத் துறை அதை வசூலிக்கும். உடல்நலக் குறைவால் விடுவிக்கப்படுவது, ராணுவமே ஆட்குறைப்பு செய்வது போன்ற சில காரணங்களுக்கு விலக்கு உண்டு. மனம் ஊசலாடிக்கொண்டிருந்தால் ஒப்புதல் கிடைத்தாலும் கடமை முடியும் தேதி வரை யாரும் அதைத் தொடாமல் இருப்பது பாதுகாப்பு. தொடாத சலுகை கடனாக மாறாது.

பிள்ளை கல்லூரிக்குப் போகும் நாளில், சலுகையைப் பெறும் பிள்ளையே முன்னாள் வீரர் நலத் துறைக்கு 22-1990ஈ என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். தகுதிச் சான்றிதழ் வரும். அதைக் கல்லூரியில் இதற்கென்றே இருக்கும் சான்றளிக்கும் அலுவலரிடம் கொடுத்தால் மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். அப்போது நீங்கள் பணியில் இருப்பீர்களோ இல்லையோ, மில்கனெக்ட் கடவுச்சொல் நினைவில் இருக்குமோ இருக்காதோ. அதனால் ஒப்புதல் கடிதத்தை இன்றே அச்செடுங்கள். எங்கள் வீட்டில் அது குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் அதே ஃபைலில் இருக்கிறது. கடமை முடிந்த தேதிக்குக் கீழே என் மனைவி பச்சை மையால் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.